திராட்சைத் தோட்டமும் இறப்பர்த் தோட்டமும்

அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கிச் செல்லும் பெருவழியில், களனி கங்கையை ஒட்டி அமைந்த ஊர் கரவனெல்ல. புளத்கொஹுபிட்டி வழியாகக் கேகாலைக்குச் செல்லும் பாதையும் இங்கேதான் கூடுகிறது. சுற்றிலும் குன்றுகள், குன்றுகள்தோறும் இறப்பர் மரங்கள், அம்மரங்களின் நிழலிலே லயங்கள். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களிற் சில கிறிஸ்தவக் குடும்பங்கள். தேயிலைத் தோட்டத் தமிழரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடக்கும் சப்பிரகமுவ இறப்பர்த் தோட்டத் தமிழர் அத்தனை பேறு பெற்றவரல்லர்.

பால்வெட்டு என்பது விடியலின் தொழில். காலைக் குளிர்ச்சியிலேதான் மரத்துப் பால் நன்கு வழியும்; வெயில் ஏற ஏற அது குன்றிவிடும். ஆகவே இருள் பிரியுமுன் எழுந்து, 250 முதல் 300 மரங்கள் வரையில், சரிவிலே ஏறி இறங்கி வெட்டவேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோடினால் பால் வராது. இத்தனை திறமையும் ஒரு மழைக்கு முன் பயனற்றுப் போகும். பட்டை நனைந்தால் பால் காலை விட்டு வழிந்தோடும். சிரட்டையில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து கெடும். வெட்டு இல்லையேல் பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் நிலப்பகுதி இது என்பதை நினைவிற் கொண்டால், இத்துன்பத்தின் அளவு விளங்கும். விதைத்தவன் மழை வேண்டியும், வெட்டுகிறவன் மழை நிற்க வேண்டியும் மன்றாடினால் இறைவன் எதற்குச் செவிசாய்ப்பார் என்று வேடிக்கையாகக் கேட்கலாம். வேலை இழந்தவன் வீட்டில் அது வேடிக்கையன்று.

இத்தகைய மக்கள் மத்தேயுவின் நற்செய்தியிலே திராட்சைத் தோட்டக் கூலிக்காரரின் உவமையைக் கேட்கும்போது, நகரத்தார் கேட்பதுபோல் கேட்பதில்லை. தோட்டம், கூலி, விடியற்கால அழைப்பு யாவும் அவர்களுக்குத் தெரிந்தவை. நாள் முடிய ஒரு மணி நேரமே இருக்கையில் வந்தவனுக்கும் முழு நாட்கூலி கொடுத்தார் அந்த வீட்டெஜமான். குறித்த நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கத்தை அறிந்த ஒருவனுக்கு இது எத்தகைய செய்தி! ‘எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை’ என்ற பொருள்படக் கடைசியாக வந்தவர்கள் கூறும் மறுமொழியையே உவமையின் உயிர்நிலை எனக் கருதுகிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; அழைக்கப்படாதவர்கள்.

இந்நம்பிக்கை தோட்டங்களுக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களின் காலத்தில், 1854ஆம் ஆண்டு, சேர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பிலே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் ஊழியம் தொடங்கிற்று. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து ஊழியம் செய்தனர். தோட்டத்துரைமாரும் பொருளுதவி செய்தனர். பணிவுள்ள தொழிலாளியை ஆக்கும் நோக்கம் அவ்வுதவியிலே கலந்திருக்கவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் வேதாகமம் எழுதப் படிக்கத் தெரிந்தவன் கைக்கு வந்தபின், எப்பகுதியை அவன் படிக்கவேண்டும் என்று துரை கட்டளையிட முடியுமா? அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமற் பிடித்து வைத்த கூலி கடவுளின் செவிக்கு எட்டிக் கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கும் யாக்கோபின் நிருபமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. கடனை எழுதித் தொழிலாளியைக் கட்டிப்போட்ட ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பொறுமை என்ற சொல்லைத் தோட்ட மக்களிடம் எளிதாகப் பிரசங்கிக்கலாம்; பலர் பிரசங்கித்தும் இருக்கின்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. அக்காலத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது வாய்மூடிப் பொறுத்தல் மட்டுமா? இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியிலே ‘சத்தியோதய’ என்னும் நிலையத்தை நிறுவித் தோட்டத் தமிழரின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத அவர் இதைத் தம் குருத்துவப் பணியின் புறம்பான வேலையாக எண்ணவில்லை. ஜெபமும் மனுவும் ஒரே கையால் எழுதப்படலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கேகாலை மாவட்டத்தின் அண்மைக்காலத் துன்பங்களும் சிறியனவல்ல. 2016 மே மாதப் பெருமழையில் அரநாயக்கவிலும், கரவனெல்லவுக்கு அணித்தான புளத்கொஹுபிட்டிப் பகுதியிலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. பின்னவற்றுள் தோட்டத்துக் குடியிருப்புக்களும் அடங்கும். 2019 முதல் இறப்பர் இலைகளை உதிர்க்கும் பெஸ்டலோஷியா நோய் பரவி, பாலின் அளவைக் குறைத்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021இலே வர்த்தமானியில் வெளியாயிற்று.

மழையைத் தடுக்க ஒரு வழி உண்டு. வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் தாளைத் தாரால் ஒட்டிக் குடைபோற் கட்டிவிட்டால், மழைநாட்கள் பலவற்றிலும் பால் வெட்டலாம், நாட்பேரும் விழும். அதற்குச் செலவு செய்த தோட்டங்களில் வெட்டு நடக்கிறது. செய்யாத தோட்டங்களில் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு, லயத்து வாசலிலே நின்று வானத்தைப் பார்க்கின்றனர்.