கரி அறையில் கிடந்த பை

போன போகிக்குப் பரண் ஒழிக்கிறேன் பேர்வழி என்று என் பழைய கோல நோட்டுகளைத் தீயில் போட்டேன். பத்து நாள் கழித்து, "ஐயோ, அந்தச் சிக்குக் கோலம்!" என்று தவித்தேன். அதனாலோ என்னவோ, லில்லியன் பாஸ்மன் கதை என்னை ரொம்பவும் உலுக்கிவிட்டது.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1917-ல் பிறந்தவர் இந்த அம்மாள். 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பெண்கள் பத்திரிகையில் பக்கங்களை அழகாக அமைக்கிற வேலை. காமிராவைத் தொட்டதெல்லாம் பிற்பாடுதான். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் இவர் டார்க் ரூமுக்குள் நுழைந்து பிரிண்ட் போட்டுப் பழகுவாராம்.

அந்த இருட்டறைதான் அவருக்குச் சமையலறை என்று வையுங்களேன். பிரிண்ட் போடும்போது குறுக்கே மெல்லிய டிஷ்யூ காகிதத்தையோ சல்லாத் துணியையோ பிடிப்பார். சில இடங்களில் ப்ளீச் தடவி வெளுக்க வைப்பார். ஃபோட்டோ, கரித்துண்டால் வரைந்த சித்திரம் மாதிரி ஆகிவிடும். ஒரு கழுத்து வளைவு, ஒரு தொப்பி, நீண்ட கை... அவ்வளவுதான் தெரியும். ஆசிரியை கார்மல் ஸ்னோவுக்கு இது பிடிக்கவில்லை. பட்டனும் ரிப்பனும் தெரிய வேண்டாமா என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது! படத்தைக் காட்டி, "இதே மாதிரி தைச்சுக் குடுங்க" என்று டெய்லரிடம் நிற்கிறவர்கள்தானே நாம்?

உள்ளாடை விளம்பரங்களில்தான் அவருக்குப் பெரிய பேர். எடுப்பவரும் பெண் என்பதால் மாடல் பெண்கள் கூச்சமில்லாமல், தங்கள் வீட்டு அறையில் இருப்பதுபோல இயல்பாக இருந்தார்கள்.

கணவர் பால் ஹிம்மலும் புகைப்படக்காரர். இரண்டு குழந்தைகள். 1970 வாக்கில் ஃபேஷன் உலகம் மாறிப்போய், இவருக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷ நெகடிவ்களில் பெரும்பாலானவற்றைத் தாமே அழித்துவிட்டார்! எனக்குப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது.

ஒரு பை மட்டும் வீட்டுக் கரி அறையில் மறந்துபோய்த் தங்கிவிட்டது. இருபது வருஷத்துக்குப் பிறகு, 1990-களின் தொடக்கத்தில், அங்கே தங்கியிருந்த மார்ட்டின் ஹாரிசன் என்ற கலை வரலாற்றாசிரியர் கண்ணில் அது பட்டது. எழுபதைத் தாண்டிய லில்லியன் மறுபடி டார்க் ரூமுக்குள் போனார். பழைய படங்களை முன்னைவிடத் துணிச்சலாக வெளுத்து, கலைத்து, புதிதாகப் பிரிண்ட் போட்டார். இந்தத் தடவை பட்டனைத் தேடுகிறவர் யாருமில்லையே! கண்காட்சிகள் வந்தன, புத்தகங்கள் வந்தன. எண்பதுக்கு மேல் கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப் வேறு கற்றுக்கொண்டார். 2012-ல், 94 வயதில் காலமானார்.

அந்த ஒரு பை கிடைத்தது. மற்றதெல்லாம் போனது போனதுதான்.