பதிமூணாவது செக்!

வருஷத்துக்கு எத்தனை மாசம்? பன்னிரண்டுன்னு சொல்வீங்க. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகராட்சியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்களைக் கேட்டிருந்தா, 'பதிமூணு'ன்னு சிரிச்சிருப்பாங்க. மாசா மாசம் வர்ற பென்ஷன் செக் போக, லாபம் கொழிச்ச வருஷங்கள்ல எக்ஸ்ட்ராவா ஒண்ணு வரும். நம்ம ஊர் தீபாவளி போனஸ் மாதிரி. அதுக்குப் பேரே 'பதிமூணாவது செக்'!

காசு ஏது? அங்கேதான் மேட்டரே இருக்கு. அந்த நகராட்சிக்கு ரெண்டு பென்ஷன் நிதி. ஒண்ணு போலீஸ், தீயணைப்புத் துறைக்கு. இன்னொண்ணு மத்த ஊழியர்களுக்கு. பணத்தை ஷேர், கடன் பத்திரம், நிலம்னு போட்டு வளர்க்கணும். மேற்பார்வைக்கு ஆளுக்கொரு போர்டு. ஊழியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினவங்களும் அதில் உண்டு, நகராட்சி தரப்பு ஆட்களும் உண்டு. வருஷத்துக்கு சுமார் 8 சதவீதம் லாபம் வரும்னு கணக்கு. அதுக்கு மேல வந்தா? 'உபரி'ன்னு பேர் வெச்சுப் பிரிச்சுக் கொடுத்தாங்க.

நல்ல விஷயம்தானேன்னு தோணுதா? செல்போன்ல கால்குலேட்டரைத் திறங்க பாஸ். இந்த வருஷம் 15 சதவீதம், அடுத்த வருஷம் 1. சராசரி 8, எல்லாம் சுகம். ஆனா 15ல் 7ஐ வாரிக் கொடுத்துட்டா மிச்சம் 8ம் 1ம். சராசரி நாலரை! 8 வரும்னு நம்பி வாக்குக் கொடுத்த பென்ஷனுக்கு எங்கே போறது?

1985 முதல் 2008 வரை இப்படிக் கொடுத்தது சுமார் 100 கோடி டாலர். நிதியிலேயே விட்டிருந்தா 190 கோடிக்கு மேல வளர்ந்திருக்கும்ங்கறது ஒரு நிபுணர் போட்ட கணக்கு. குழியை மூட 2005-06ல் நகராட்சி 140 கோடி டாலர் கடன் வேற வாங்குச்சு. கூடவே வட்டி விகிதம் ஏறும்னு ஒரு பந்தயம். 2008ல் விகிதம் சரிஞ்சு, அதுவும் கையைச் சுட்டது.

2013 ஜூலை 18. டெட்ராய்ட் திவால் மனு போட்டது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். பொது ஊழியர்களோட சராசரி பென்ஷனோ வருஷத்துக்கு சுமார் 19,000 டாலர்தான். அதிலேயே 4.5 சதவீதம் வெட்டு! விலைவாசிக்கு ஏத்த உயர்வும் போச்சு. நகரத்து மியூசியத்தில் இருந்த வான்கோ ஓவியத்தையெல்லாம் விற்கலாமான்னு பேச்சு வந்து, அறக்கட்டளைகளும் மாநில அரசும் மியூசியமும் சேர்ந்து 20 வருஷத்தில் சுமார் 81.6 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டதால வெட்டு இதோட நின்னது.

லஞ்சம் வாங்கினதா முன்னாள் பொருளாளரும் ஒரு டிரஸ்டியும் 2014ல் குற்றவாளிகள்னு தீர்ப்பாச்சு. அது தனிக்கதை. என்னைக் கேட்டா, அந்த லஞ்சத்தைவிட கைதட்டு வாங்கிக் கொடுத்த செக்தான் அதிகம் கடிச்சது. நல்ல வருஷத்தில் 'முடியாது'ன்னு சொல்ற டிரஸ்டிக்கு அடுத்த தடவை யார் ஓட்டுப் போடுவாங்க?

2014 ஒப்பந்தத்தில் அதுக்கும் ஒரு வழி பண்ணாங்க. ரெண்டு நிதிக்கும் முதலீட்டுக் குழு; அதில் பெரும்பான்மை, நிதியில் பங்கில்லாத வெளியாட்கள். சில ஊழியர்களோட சேமிப்புக் கணக்கில் நஷ்ட வருஷத்திலும் ஏத்திக் கொடுத்திருந்த வட்டியை, ரிட்டையர் ஆனவங்ககிட்டேயிருந்தே திரும்பப் பிடிச்சாங்க.