கேடயமா, முகமூடியா?

பெயர் போடாமல் எழுதுபவன் கோழை என்று பேசுவோர் உண்டு. நாம் கேட்கிறோம்: 1776-ல் அமெரிக்க மண்ணை உலுக்கிய 'காமன் சென்ஸ்' ஏட்டில் தாமஸ் பெயின் தம் பெயரைப் பொறித்தாரா? இல்லை! மன்னனை எதிர்த்தோனுக்கு அன்று மாலையா காத்திருந்தது? ராஜத்துரோகப் பழியல்லவா!

1988-ல் அதே நாட்டின் ஒகையோ மாநிலத்தில், பள்ளி வரியை எதிர்த்துப் பெயரில்லாத் துண்டறிக்கை தந்தார் ஒரு பெண்மணி. அபராதம் 100 டாலர்! 1995-ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரும்பான்மையின் கொடுமையிலிருந்து எளியோனைக் காக்கும் கேடயம் அது என்றது.

கேடயம்தான், ஆனால் அது பணமூட்டையின் கைக்குப் போனால்? நம் நாட்டைப் பாருங்கள். தேர்தல் துண்டறிக்கையிலே அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர் கட்டாயம் என்கிறது சட்டம். ஆனால் 2018-ல் வந்த தேர்தல் பத்திரமோ, கட்சிகளுக்குக் கோடி கொடுத்தவன் பெயரை வாக்காளனுக்கு மறைத்தது! காகிதத்துக்குப் பெயர் வேண்டும், கோடிக்கு வேண்டாமாம்! 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அந்த முகமூடியைக் கிழித்தது.

தோழர்களே! பெயரில்லாத் தாள் கைக்கு வந்தால் கேளுங்கள்: இது வலியோனைத் தட்டிக் கேட்கிறதா, எளியோன் மீது சேறு வீசுகிறதா? வேலை போகுமென அஞ்சும் தொழிலாளி பெயரை மறைக்கட்டும். ஆட்சியை விலை பேச வருபவன் முகத்தைக் காட்டட்டும்!