அரசன் விற்காத புத்தகம்... ஐரோப்பாவையே உட்காரவைத்த கதை தெரியுமா?

சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. அங்கே மீனும் காய்கறியும் கூவிக் கூவி விற்கும் பழைய சந்தை, பல்லரோ. அந்தக் கூச்சலைத் தாண்டிப் பொடிநடையாகப் போனால் நார்மன் அரண்மனை. உள்ளே ‘பொம்பேய் அறை’ என்றே ஓர் அறை! கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊரின் அலங்காரம் அரண்மனைகளுக்குள் எப்படி நுழைந்தது? பெரும்பாலும் காகிதத்தில் ஏறித்தான்!

காசு கொடுத்தாலும் கிடைக்காத புத்தகம்!

பொம்பேயோடு சேர்ந்து புதைந்த ஊர் ஹெர்குலேனியம். அங்கே 1738இலும் பொம்பேயில் 1748இலும் அகழாய்வு தொடங்கியது. கிடைத்த ஓவியங்களையும் வெண்கலப் பொருட்களையும் செப்புத்தகட்டில் செதுக்கி, 1757 முதல் 1792 வரை எட்டுத் தொகுதிகளாக அச்சிட்டது நேப்பிள்ஸ் அரச அச்சகம். ஆனால் விற்பனைக்கு இல்லை! அரசர் மனம் வைத்துப் பரிசளித்தால்தான் உண்டு. வெளிநாட்டார் சும்மா இருப்பார்களா? பார்த்து வரைந்து, மலிவுப் பதிப்புகள் போட்டுவிட்டார்கள்!

ஒரே முக்காலி, எத்தனை வேலை தெரியுமா?

அந்தத் தொகுதிகளில் இருந்த ஓர் அச்சுப்படத்தை வைத்தே, 1763இல் மன்மதக் குழந்தைகளை விற்கும் பெண்ணைத் தீட்டினார் பிரெஞ்சு ஓவியர் வியன். அவருடைய இன்னோர் ஓவியத்தில் பழங்கால முக்காலி ஒன்று வந்தது. அதைப் பார்த்து 1773இல் நிஜ முக்காலியே செய்து, விளம்பரமும் செய்தார் எபெர்ட்ஸ் என்பவர். தூபக்கால், பூத்தொட்டி, மீன்தொட்டி, காபி சூடாக்கும் அடுப்பு... எல்லாமே அது ஒன்றுதானாம்!

உட்கார்ந்தால் குத்தும் நாற்காலி!

ஆனால் எல்லா மாளிகையும் பழங்கால அழகைத் தேடவில்லை. பலெர்மோவை அடுத்த பகேரியாவில் பலகோனியா மாளிகை. 1787இல் அங்கே போன ஜெர்மன் கவிஞர் கதே அரண்டுபோனார். நாற்காலிக் கால்களை ஒழுங்கில்லாமல் அறுத்து வைத்திருந்தார்கள். நேராக நிற்கும் நாற்காலியிலோ வெல்வெட் மெத்தைக்கடியில் முட்கள்! நேர்க்கோடும் அளவும் தவறாத கிரேக்க அழகில் மயங்கியிருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

தானாக மேலேறும் சாப்பாடு!

1798 டிசம்பரில் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் போர்க்கப்பலில் பலெர்மோவுக்கு ஓடிவந்தார் நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்டினாண்டு. அவருடைய அரசி மரியா கரோலினா, பிரான்ஸில் தலை வெட்டப்பட்ட மேரி அன்டோய்னெட்டின் அக்கா! மறு வருடமே கட்டடக் கலைஞர் மார்வூலியா இவர்களுக்காகச் ‘சீன மாளிகை’யைக் கட்டத் தொடங்கினார். அதன் சாப்பாட்டு மேசையில் பரிமாற ஆளே வேண்டாம். கீழே சமையலறையிலிருந்து கப்பி இழுக்க, தட்டுகள் மேசைக்கே வந்து சேரும்! வெளியே சீனக் கூரை. உள்ளே அரசிக்குத் துருக்கிப் பாணியில் ஓர் அறை, ஹெர்குலேனியப் பாணியில் ஓர் அறை!

காட்ட நாற்காலி ஒன்றும் இல்லை, புகழோ உலகம் முழுக்க!

புத்தகத்தாலேயே புகழ்பெற்ற லண்டன் தச்சர் ஹெப்பிள்வொயிட் 1786இல் இறந்தார். இரண்டு வருடம் கழித்து, அவருடைய மரச்சாமான் வடிவங்களைப் புத்தகமாக வெளியிட்டார் மனைவி ஆலிஸ். கேடய வடிவ முதுகுள்ள நாற்காலிக்கு இன்றும் ஹெப்பிள்வொயிட் பெயர்தான். ஆனால் அவர் கைப்படச் செய்தது என்று உறுதியாகச் சொல்ல ஒரு நாற்காலிகூட இல்லை!

நம் பக்கத்து விசாகப்பட்டினமும் உண்டு!

18ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்து ஆசாரிகள் ஆங்கிலேய வடிவங்களைப் பார்த்து மேசையும் பெட்டியும் செய்தார்கள். அதோடு விடவில்லை. தந்தத்தில் கோடு கீறி, கறுப்பு அரக்கு நிரப்பி, அச்சுப்படங்களில் கண்ட சீமை மாளிகைகளையே பெட்டிமேல் பதித்துவிட்டார்கள். மற்றவர்கள் படத்தைப் பார்த்து மரச்சாமான் செய்தார்கள். நம்மவர்கள் மரச்சாமானையே படமாக்கிவிட்டார்கள்!