வெயிலும் வீடும்

சென்னையில் புதிதாக வீடு கட்ட எண்ணும் கனவான் முதலில் செய்வது யாது? ஜோசியரை அழைத்து அக்கினி மூலை எது, வாயு மூலை எது என்று விசாரிக்கிறார். பின்னர், எங்கோ பார்த்த கண்ணாடி முகப்பைப் போலத் தமக்கும் ஒன்று வேண்டுமென்று இஞ்சினீயரிடம் சொல்லுகிறார். சித்திரை மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழும், கடற்காற்று எவ்வழியே நுழைந்து எவ்வழியே வெளியேறும் என்று கேட்பவரைக் காண்பது அரிதாயிருக்கிறது. இருபது வருஷத் தவணைக்குக் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், முதற்கோடையிலேயே குளிர்சாதன யந்திரத்திற்காக மறுபடியும் கடன் வாங்கும்படி நேருகிறது.

உஷ்ண தேசத்தில் பிறந்தோருக்கு இது தலைவிதி என்று சிலர் சமாதானம் கூறுவர். நாம் அதை ஒப்புவதற்கில்லை. மொட்டையாக விடப்பட்ட கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, நாம் உறங்கப் போகும் வேளையில் அதை அறைக்குள் கக்குகிறது. மேற்குச் சுவரின் சங்கதியும் இதுவே. சாய்ந்து வரும் மாலை வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சிறு சன்ஷேடு தடுக்காது. ஆனி மாதத்திலோ, நடுப்பகற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் வடக்குச் சுவரும் தப்புவதில்லை. இவற்றை வரைபடம் போடும்பொழுதே கவனித்தால் செலவு சொற்பம். கட்டியபின் கவனித்தால் மாதந்தோறும் மின்சாரக் கட்டணம். சுகாதாரக் கேடு அதற்கும் மேல். சாதாரணமாக வீடுகளில் மாட்டும் குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரச் செய்வது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நால்வர் உறங்கினால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார். ஒருவருக்கு வந்த இருமல் மற்றவரையும் பற்றுவதில் ஆச்சரியமென்ன?

இவ்விஷயத்தில் வழிகாட்டிய பெரியார் ஒருவர் நமது அண்டையிலேயே, திருவனந்தபுரத்தில், வாழ்ந்தார். 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரிற் பிறந்த லாரி பேக்கர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் சீனத்தில் வைத்தியத் தொண்டு புரிந்துவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டுமென்பது மகாத்மாவின் கொள்கை. இந்தியாவிலேயே தங்கி, இந்தியப் பிரஜையாகி, 2007இல் காலஞ்சென்ற பேக்கர், அக்கொள்கையைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நிரூபித்துக் காட்டினார்.

அவர் கையாண்ட எலிப்பொறிக் கட்டு நமது மேஸ்திரிகள் அனைவரும் அறியத்தக்கது. செங்கல்லைப் படுக்க வையாமல் விளிம்பில் நிறுத்தி, ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே சுமார் மூன்று அங்குல வெற்றிடம் விட்டுக் கட்டுவது இது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகிறது. நடுவில் அடைபட்ட காற்று வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது. தளத்திலும் ஒரு யுக்தி உண்டு. தளத்தின் அடிப்பாகத்தில் பாரத்தைத் தாங்குவது இரும்புக் கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. ஆகவே கம்பிகளுக்கிடையே பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். கண்ணாடிக்குப் பதிலாகச் செங்கல்லிலேயே துளைகள் விட்ட ஜாலிச் சுவர்கள் வைத்தார்; காற்று வரும், கூச்சம் தரும் வெளிச்சம் வராது. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் கட்டடங்களில் இவற்றை இன்றும் நேரிற் காணலாம். மனைக்கு மனை, குடும்பத்திற்குக் குடும்பம் வேறு வேறாக வீடு வகுத்தார். நின்ற மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். (கொசு நுழையுமே என்பார் கேட்பது நியாயமே. அதற்கு வலை அடிக்க வேண்டும். காற்றை அடைப்பது பரிகாரமாகாது.)

பூசாத செங்கல் சுவர் ஏழை வீட்டின் அடையாளம் என்று நமது நடுத்தர வகுப்பினர் முகஞ்சுளிக்கிறார்கள். வேறு தேசத்துக் குளிருக்கு ஏற்பட்ட கண்ணாடி முகப்பு மட்டும் கௌரவம் தருகிறதாம்! நமது முன்னோர் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துத் தட்டோடு பதித்தனர். செட்டிநாட்டு வீடுகளில் முற்றம் வைத்துக் காற்றை ஏற்றி இறக்கினர். அவர்கள் கௌரவத்திற் குறைந்தவர்களா?

சட்டம் என்ன செய்கிறது? 2018இல் வீடுகளுக்கென ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுதியை மத்திய சர்க்கார் வெளியிட்டது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்திக் குடியிருப்புக் கட்டடங்களையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் நூறு கிலோவாட் மின் இணைப்புள்ள கட்டடங்களை உத்தேசித்த சட்டம் அது. மாகாண சர்க்கார் வரம்பைக் குறைக்கலாமென்று இடம் வைத்திருக்கிறதேயன்றி, தனி வீட்டுக்காரர் தாமாக அதில் அகப்படமாட்டார். பணமுள்ளவர் எப்படியும் யந்திரம் மாட்டிக்கொள்வார். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடு பெறும் கூலிக்காரர், காய்ந்த தளத்தின்கீழ் எதை மாட்டுவார்? அவருக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சும், எதிரெதிரே இரண்டு ஜன்னலுமே குளிர்சாதனம்.

கட்டாயம் செய்ய முடியாதென்று அதிகாரிகள் கூறினால், 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது எப்படி என்று கேட்கிறோம். தெலங்கானா சர்க்கார் 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வகுத்திருக்கிறது. வீட்டு வரைபடத்திற்கு அனுமதி கோரும் மனுவில், பக்கத்தில் எத்தனை அடி இடம் விட்டீர் என்று கேட்கும் நகரசபை, தளத்தின்மேல் என்ன போட்டீர், மேற்குச் சுவருக்கு என்ன நிழல் வைத்தீர் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் இதைக் கிளப்பும் அங்கத்தினர் எவராயினும், எக்கட்சியினராயினும், அவருக்கு நமது ஆதரவு உண்டு.