விமானி அனுமதிப்பத்திரம் பெற எத்துணைக் காலம் வேண்டும்?

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்று வருகின்றது. சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த அப்பொறியை வலமாகத் திரித்தால் அது விண்ணில் எழும். இடமாகத் திரித்தால் மண்ணில் இறங்கும். அரசி அதனைச் செலுத்தப் பழகிக்கொண்டாள். பகைவர் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அப்பழக்கமே அவளையும் அவள் வயிற்றிலிருந்த சீவகனையும் காத்தது. காவியத்தில் இரு திருப்பங்களுள் அடங்கிய இக்கலை, இக்கால மாணவன் ஒருவனுக்கு எத்துணைக் காலத்திற் கைவரும்? ‘நாற்பது மணி நேரம்’ என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை பொய்யன்று, ஆயினும் அது முழு விடையுமன்று. வன்னி மாணவனுக்கு அது பாதி விடையுமாகாது. அஃது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இவ்வனுமதிப்பத்திரம் யாது என அறிதல் வேண்டும். தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றவர் சிறு விமானத்தைத் தாமே செலுத்தலாம். உற்றாரையும் நண்பரையும் உடன்கொண்டு செல்லலாம். ஆனால் அதற்கு ஊதியம் பெறுதல் கூடாது. ஊதியம் பெற்று விமானஞ் செலுத்த விரும்புவோர் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். அதற்குப் பொதுவாக 200 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவை. எனவே தனியார் அனுமதிப்பத்திரம் ஒரு முடிபுமாகலாம். நீண்டதோர் ஏணியின் முதற்படியுமாகலாம்.

இதற்குரிய குறைந்த அளவுத் தகுதிகளை வகுத்திருப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் வழித் தோன்றிய அந்நிறுவனத்தின் விதிகளைத் தழுவியே நாடுகள் தத்தம் விதிகளை அமைக்கின்றன. இலங்கையில் இப்பணி சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு உரியது. சர்வதேச விதிப்படி விண்ணப்பதாரர் 17 வயது நிரம்பியவராதல் வேண்டும். இரண்டாந் தர மருத்துவச் சான்று பெறல் வேண்டும். 40 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாடநெறி ஒன்றிற் பயின்றவர்க்கு 35 மணி போதும். அவற்றுள் 10 மணியேனும் ஆசிரியர் உடனின்றித் தனித்துப் பறந்தனவாதல் வேண்டும். அப்பத்தனுள்ளும் 5 மணி ஊர்விட்டு ஊர் செல்லும் நெடும்பறப்பாதல் வேண்டும். அந்நெடும்பறப்புக்களுள் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாததாய், இடையில் வேறிரு விமானத் தளங்களில் இறங்கி எழுவதாய் அமைதல் வேண்டும்.

இம்மணிகள் எவ்வாறு செலவாகின்றன? மாணவன் முதலில் நேராகவும் மட்டமாகவும் பறக்கக் கற்கின்றான். பின்னர் ஏறுதல், இறங்குதல், திரும்புதல் என்பவற்றைப் பயில்கின்றான். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயரும்போது இறக்கையின்மேல் வளியோட்டம் குலைந்து தூக்குவிசை குன்றும். அந்நிலையை முன்னறியவும் அதனின்று மீளவும் அவன் பழகுதல் வேண்டும். அதன்பின் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து ஏறுவதும் இறங்குவதுமாகப் பல மணிகள் கழியும். பொறி நின்றுவிட்டால் எவ்வயலில் எவ்வாறு இறங்குவது என்னும் பயிற்சியும் இதனுள் அடங்கும். ஆசிரியர் மனநிறைவு கொண்ட ஒருநாள், தாம் விமானத்தினின்றும் இறங்கி, “இனி நீர் தனியே சென்று வாரும்” என்பார். அந்நாள் சிலருக்குப் பத்து மணிப் பயிற்சியின்பின் வரும். சிலருக்கு இருபது மணிக்குப் பின்னும் வராது. இதிற் பெருமையுமில்லை, இழிவுமில்லை. கையும் கண்ணும் ஒருவர்க்கொருவர் வேறுபடும் தன்மையே இதற்குக் காரணம்.

இனி, மணிகள் மாதங்களாகும் கணக்கைக் காண்போம். வாரத்திற்கு மூன்று மணி பறப்பவன் 40 மணியைப் பதினான்கு வாரங்களில் முடிப்பான். வாரத்திற்கு ஒரு மணி பறப்பவனுக்கு ஓராண்டும் போதாது. ஏனெனில், இடைவெளி மிகுந்தால் கற்றதை மீளக் கற்பதிலேயே ஒரு பகுதி மணி கழிந்துவிடும். ஐக்கிய அமெரிக்காவிலும் சட்டம் கேட்பது 40 மணியே. ஆயினும் அங்குப் பெரும்பாலோர் அறுபது மணிக்கு மேற் பறந்த பின்னரே இறுதிச் சோதனைக்குச் செல்கின்றனர். ஆதலின், முழுநேரமாகப் பயில்வோர்க்கு மூன்று முதல் ஆறு மாதமும், ஓய்வு நாட்களில் மட்டும் பயில்வோர்க்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும் எனக் கொள்ளுதல் தகும்.

காலத்தை நீட்டுவனவற்றுள் வானிலையும் ஒன்று. புதிய மாணவனுக்குத் தெளிந்த வானமும் அடங்கிய காற்றும் வேண்டும். சோளகம் மழையைக் கொணரும் வைகாசி, ஆனி மாதங்களில் இரத்மலானையில் முகில் தாழ்ந்து நிற்கும் நாட்கள் பல. பருவமாற்றக் காலங்களில் காலை தெளிந்திருப்பினும் பிற்பகலில் இடியும் மழையும் தோன்றும். பணமும் மற்றொரு தடையாம். பயிற்சி விமானமொன்று மணிக்கு இருபது லீற்றருக்கு மேலான எரிபொருளைக் குடிக்கும். அதனோடு விமானத்தைப் பேணுஞ் செலவும் ஆசிரியர் ஊதியமும் சேரும். கைப்பணம் தீர்ந்து பயிற்சியை நிறுத்தியவன், மீண்டும் பணந்தேடி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை; அதற்குப் பின்னிருந்தே தொடங்குகின்றான்.

இரத்மலானையை மேலே சுட்டியது காரணம் பற்றியே. இலங்கையிற் சிவில் விமானப் பயிற்சிக்கு முதன்மையான களம் அதுவே. அங்கு முதல் விமானம் 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் இறங்கியது. அதனைச் செலுத்தி வந்தவர் சென்னை விமானக் கழகத்தின் பயிற்சி ஆசிரியர். வன்னியிலும் ஓடுபாதைகள் இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை வவுனியாவில் ஒரு தளம் கொண்டிருந்தது. இரணைமடுவில் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஓர் ஓடுபாதை அமைந்தது. இவ்விரண்டும் இன்று இலங்கை விமானப்படையின் வசமுள்ளன. ஆகவே கிளிநொச்சி மாணவன் பறக்கக் கற்க வேண்டுமாயின் தன் ஊரைவிட்டுச் செல்லல் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து இரத்மலானைக்கு நேர்கோடு வரையின் அதன் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். பயிற்சியின் முடிவில் தனியே பறந்து காட்டவேண்டிய தூரத்தினும் மிகுந்த தூரத்தை, இவன் பயிற்சியின் தொடக்கத்திலேயே தரைவழிக் கடக்கின்றான். அங்குத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் உணவும் உறையுளும் வேண்டும். ஆதலின் அவனுக்குக் காலத்தைச் சுருக்குவது பணத்தைச் சுருக்குவதாகவும் ஆகும்.

அவ்வாறு சுருக்குதற்கு வழியுண்டு. எழுத்துச் சோதனைக்குரிய பாடங்கள் ஒன்பது: வான் சட்டம், விமானத்தின் பொது அமைப்பு, பறப்பாற்றலும் திட்டமிடலும், மனிதர்தம் ஆற்றலும் வரம்பும், வானிலையியல், வழியறிதல், செயன்முறைகள், பறப்பின் கோட்பாடுகள், வானொலித் தொடர்பு. இவற்றுட் பெரும்பாலானவற்றை விமானத்தைத் தொடாமலே கற்கலாம். பாடசாலையிற் கற்கும் பௌதிகவியலும் கணிதமும் இவற்றிற்கு அடிப்படை. காற்று ஒருபுறமிருந்து வீசும்போது விமானத்தின் முகத்தை எத்தனை பாகை திருப்புதல் வேண்டும் என்பது காவிக்கணக்கேயன்றி வேறன்று. வானொலியிற் பேசப்படும் ஆங்கிலம் சொற்சுருக்கமுடையது. ஆயின் ஐயமறக் கேட்கவும் சொல்லவும் வேண்டியது. அதனையும் ஊரிலிருந்தே பழகலாம். மருத்துவச் சோதனையைப் பணங்கட்டுமுன் முடித்துக்கொள்வதும் அறிவுடைமை. இவ்வளவும் முடித்து, நாற்பதுக்கன்றி அறுபது மணிக்கு வேண்டிய பணத்தையும் சேர்த்துக்கொண்டு செல்பவன் இடைநில்லாது பயின்று சில மாதங்களில் திரும்புவான். எதுவும் முடியாது விரைந்து செல்பவன் ஆண்டுகளை இழப்பான்.

இன்னுமொன்று கூறுதல் கடன். 2009ஆம் ஆண்டுவரை வன்னியிற் பிறந்து வளர்ந்தோர் விமானத்தைக் கண்ணால் அறிந்ததினும் செவியால் அறிந்ததே மிகுதி. ஒலி கேட்டதும் பதுங்குகுழியை நாடிய கால்கள் அவர்களுடையவை. இன்றும் தாழப் பறக்கும் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்க்கும் பெற்றோர் பலர். அவர்தம் மக்களுள் ஒருவன் அல்லது ஒருத்தி விமானஞ் செலுத்தக் கற்கப் போகின்றேன் என்னும்போது, இல்லத்திற் கடக்க வேண்டிய தடை பணம் மட்டுமன்று. அதனைக் கடக்க எத்தனை மணி வேண்டும் என்று எவ்விதியும் வகுக்கவில்லை. பெற்றோரின் அச்சத்தை நகையாது, பொறுமையோடு விளக்கி, அவர் வாழ்த்துடன் புறப்படுதலே மாணவர்க்கு அழகு. தனித்துப் பறக்கும் அனுமதி பெற்ற பிள்ளை வவுனியாவிற்கு மேலே வடக்கு நோக்கிச் செல்லும் நாளில், அவ்வொலியைக் கேட்டு அண்ணாந்து பார்க்கும் தாய்க்கு அது தன் பிள்ளையின் வருகையாய் அமையட்டும்.