ஊறுகாய்க்கு எதற்குக் கரண்டு?

பொட்டிப்புரம் என்ற பெயரை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். தேனி மாவட்டத்தில், தேவாரத்துக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் காலடியில் இருக்கிற கிராமம் அது. அங்கே மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்வதற்கு ஒரு கூடம் அமைக்க, 2015ம் வருஷம் ஜனவரி மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்குக் கிளம்பிய எதிர்ப்பும், நடந்த வழக்குகளும் பெரிய கதை. ஆனால் நான் அந்த ஊருக்குப் போனது நியூட்ரினோவைத் தேடிக்கொண்டு அல்ல; ஒரு கண்ணாடி ஜாடியைத் தேடிக்கொண்டு!

வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "காய் மலிந்த நாட்களில் காரட், முள்ளங்கி, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் வினிகரில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். இரண்டே நாளில் ஊறுகாய் தயார். ஆனால் என் மாமியார் அதை ஊறுகாய் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். நேரில் வந்து தீர்ப்புச் சொல்லுங்கள்."

மாமியார்-மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லப் போகிறவர்களின் கதி என்னவென்று தெரிந்திருந்தும், துணிந்து பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் கால் வைத்ததுமே விசாரணை தொடங்கிவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள், திண்ணையில் உட்கார்ந்தபடியே தம் கட்சியைச் சொன்னார்:

"ஊறுகா போடுறதே காய் கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான். அதைக் கொண்டு போயி ஐஸ்பெட்டிக்குள்ள வச்சாத்தான் கெடாதுன்னா, அது என்ன ஊறுகா? ஊறுகாய்க்கு எதுக்குத் தாயி கரண்டு?"

"அத்தை, இது வேற மாதிரி. புதுசு" என்றார் மருமகள்.

"புதுசுன்னா நல்லதா?" என்றார் மாமியார்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், அந்த அம்மாள் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் யாரும் ஃபிரிட்ஜ் ஊறுகாய் போடக் கூடாது. அது ஏன் என்பது அடுத்த பத்து நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

கூடத்தில் ஒரு பை பாதி கட்டியபடி இருந்தது. கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகன் லீவு முடிந்து அன்று மத்தியானம் கிளம்புகிறான். முறுக்கு, பருப்புப் பொடி, அவற்றுக்கு நடுவில் துணி சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடி. முந்தின நாள் சாயங்காலம் போட்ட காரட் ஊறுகாய்! "விடுதிச் சாப்பாட்டுக்கு ஒரு மாசம் வரும்" என்றார் தாயார், பெருமையோடு.

"விடுதி அறையில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஊறுகாய்தானே!"

"வினிகர் எவ்வளவு விட்டீர்கள்?"

"ரொம்பப் புளித்தது. அதனால் ஒரு டம்ளர் வினிகருக்கு மூன்று டம்ளர் தண்ணீர்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சகோதரிகளே, அந்த ஜாடியை மட்டும் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாலு காவல்காரர்கள்

நம் பாட்டிமார் போட்ட ஊறுகாய்க்கு நாலு காவல்காரர்கள் உண்டு. உப்பு, புளிப்பு, வெயில், எண்ணெய். உப்பு காயிலுள்ள நீரை இழுத்துக் கிருமி பெருகாமல் தடுக்கிறது. எலுமிச்சை, மாங்காய், நார்த்தங்காய் எல்லாம் பிறவியிலேயே புளிப்பு. வெயில் ஈரத்தை வாங்குகிறது. மேலே நிற்கிற எண்ணெய் காற்றையும் பூஞ்சணத்தையும் அண்ட விடுவதில்லை. இத்தனை காவல் இருப்பதால் அது அலமாரியில் வருஷக் கணக்கில் நிற்கிறது. உப்பையே நம்பிப் போடுகிற ஊறுகாய் கடைக்கு வருவதானால், அந்த உப்பு நீரில் 100க்கு 12 பங்காவது உப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. பாட்டி கை நிறைய உப்பு அள்ளிப் போட்டது சும்மா இல்லை.

ஃபிரிட்ஜ் ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டும்தான். வெயில் இல்லை, எண்ணெய் இல்லை. காரட்டுக்கும் பீன்ஸுக்கும் சொந்தப் புளிப்பும் கிடையாது. மிஞ்சுவது இரண்டே காவல்காரர்கள்: ஒன்று வினிகர், மற்றொன்று குளிர். வினிகரில் தண்ணீரைக் கலந்து முதல் காவல்காரனைத் தூங்கப் போட்டு, ஜாடியைப் பஸ்ஸில் ஏற்றி இரண்டாவது காவல்காரனை வீட்டிலேயே விட்டுவிட்டால், திருடனுக்குக் கதவு திறந்த மாதிரிதானே?

அந்தத் திருடர்களில் பொல்லாதவன் ஒருவன் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். மண்ணில் இருப்பவன், ஆகவே காரட், முள்ளங்கி, பூண்டோடு ஒட்டிக்கொண்டு வருவான். காற்றில்லாத ஜாடிக்குள், புளிப்பில்லாத ஈரத்தில் பெருகுவான். அவன் கக்குகிற விஷம் நரம்பைத் தாக்கும். சில சமயம் மணத்திலோ நிறத்திலோ எந்த மாறுதலும் தெரியாது. இவனுக்கு ஆகாதது புளிப்பு. புளிப்பை அளக்கிற பி.எச். கணக்கு 4.6க்குக் கீழே இருந்தால் இவனால் வளர முடியாது. அதனால்தான் வினிகரைக் குறைக்காதீர்கள் என்று சொல்வது. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப் போட்டு வெளியே வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

குளிர் ஒன்றே போதும் என்றும் இருந்துவிட முடியாது. ஜப்பானியர் 'அசாஸுக்கே' என்று ஒன்று போடுவார்கள். லேசாக உப்பிட்டு ஓரிரு நாளில் சாப்பிடுகிற காய்கறி. 2012ம் வருஷம் ஆகஸ்டு மாதம், அந்நாட்டின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவில், தொழிற்சாலை ஒன்றில் செய்து விற்ற சீன முட்டைக்கோஸ் அசாஸுக்கேயில் 'ஈ கோலை ஓ157' என்ற கிருமி புகுந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். 8 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். காயைச் சரியாகச் சுத்தம் செய்யாததே காரணம் என்று விசாரணையில் கருதினார்கள். ஆகவே கழுவுவதிலிருந்தே கவனம் தொடங்க வேண்டும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

"செல்போனில் பார்த்த குறிப்பில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்டார் மருமகள். சரிதான். ஆனால் அது அமெரிக்கக் குறிப்பு. அங்கே இதற்குக் கொள்கிற வினிகரில் அசிடிக் அமிலம் 100க்கு 5 பங்கு. நம் கடைகளில் கிடைக்கிற பாட்டிலைத் திருப்பி லேபிலைப் படியுங்கள். பெரும்பாலும் 4 பங்குதான் இருக்கும். நம் விதிப்படி 3.75 பங்குக்குக் குறையக் கூடாது என்பதே கட்டுப்பாடு. எனவே அமெரிக்கக் கணக்கை அப்படியே எடுத்தால் புளிப்பு குறைந்துவிடும்.

நம் ஊர் வினிகருக்குக் கணக்கு இது: வினிகர் 5 பங்கு, தண்ணீர் 3 பங்கு. 200 மில்லி டம்ளரானால் வினிகர் ஒன்றேகால் டம்ளர், தண்ணீர் முக்கால் டம்ளர். இப்படிக் கலந்தால் அமிலம் இரண்டரை பங்கு நிற்கும். அந்த மருமகள் கலந்ததில் நின்றது ஒரே ஒரு பங்கு! புளிப்பு அதிகம் என்று தோன்றினால் சர்க்கரையைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். கடையில் 'அசிட்டிக் ஆசிட்' என்று செறிவாக விற்கிறார்களே, அதைச் சமையலறைக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். அது தோலையும் தொண்டையையும் பொசுக்கிவிடும்.

செய்முறை

இனி அடுப்படிக்குப் போகலாம். மாமியாரும் கூடவே எழுந்து வந்துவிட்டார்.

வேண்டியவை: காரட், முள்ளங்கி, வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், காலிஃபிளவர் - எல்லாம் சேர்த்து 400 கிராம். பச்சை மிளகாய் 4, இஞ்சி ஒரு துண்டு. வினிகர் ஒன்றேகால் டம்ளர், தண்ணீர் முக்கால் டம்ளர். பொடியுப்பு 2 தேக்கரண்டி, சர்க்கரை 1 மேஜைக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி.

அடிபடாத, புதிய காயாகப் பொறுக்குங்கள். நீர் மாற்றி மாற்றி மண் போகக் கழுவி, தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். காலிஃபிளவரையும், பீன்ஸ் சேர்த்தால் அதையும், கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்துவிடுங்கள். பீட்ரூட்டை முழுசாக வேக வைத்துப் பிறகு நறுக்க வேண்டும். அதைத் தனி ஜாடியில் போடாவிட்டால் எல்லாக் காயும் சிவந்துவிடும்.

கண்ணாடி ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி வைத்திருந்து, கவிழ்த்துவிட்டுக் காயை நெருக்கமாக அடுக்குங்கள். ஜாடி சூடாக இருந்தால்தான் அடுத்து ஊற்றுவதில் விரிசல் விடாது. வினிகர், தண்ணீர், உப்பு, சர்க்கரை, கடுகு, மிளகு எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் உதவாது. புளிப்பு அவற்றை அரிக்கும். கொதித்ததைச் சூட்டோடு காய் மூழ்க ஊற்றுங்கள். ஒரு துண்டுகூட மேலே தலை நீட்டக் கூடாது. ஆறியதும் மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம். அடிக்கடி திறப்பதால் அங்கேதான் குளிர் குறைவு. உள்தட்டில் வையுங்கள். குளிர் 4 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

வெங்காயம் மறுநாளே பதமாகிவிடும். காரட்டுக்கும் முள்ளங்கிக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். தயிர் சாதம், தோசை, புளியோதரை எதற்கும் பொருந்தும், கறுக்கென்று கடிபடும்.

போட்ட தேதியை ஜாடிமேல் எழுதி ஒட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரக் கரண்டி, எச்சில் கரண்டி கூடாது. கரண்டு போனால் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போனால், மனசு கேட்காவிட்டாலும், ஜாடியைக் கொட்டிவிடுங்கள். குமிழி, வழவழப்பு, வேறு வாடை தென்பட்டால் ருசி பார்க்கவே வேண்டாம். குளிரிலும் வளர்கிற கிருமி ஒன்றிரண்டு உண்டு. ஆகையால் கர்ப்பிணிகள் நாட்பட்ட ஜாடியைத் தொடாமல், புதிதாகப் போட்டதிலிருந்து சாப்பிடுவது நல்லது.

தீர்ப்பு

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகளின் முகம் வாடிவிட்டது. மகனுக்காக ஆசையாகப் போட்ட ஜாடியாயிற்றே! அது இரவு முழுதும் ஃபிரிட்ஜில்தான் இருந்திருக்கிறது. பைக்குள் வைத்துக் கால் மணிகூட ஆகவில்லை. "இப்போதே இலை போடுங்கள். மிச்சத்தை நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்" என்றேன். பையன் தயிர் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். பாட்டியும் ஒரு துண்டு காரட்டை எடுத்து, வாயில் போட்டு, மென்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஊறுகா இல்ல. கூட்டு, பொரியல் மாதிரி ஒரு தொடுகறி."

நேயர்களே, இதைவிட நல்ல தீர்ப்பை நான் சொல்லியிருக்க முடியாது. ஃபிரிட்ஜ் ஊறுகாய் என்பது, இரண்டு வாரம் இருக்கிற பச்சைக் காய்கறிப் பதார்த்தம். அப்படி நினைத்துப் போட்டால் அருமையானது. பாட்டி ஊறுகாயின் தங்கை என்று நினைத்துவிட்டால்தான் வினை.

பையில் காலியான இடத்தில் பாட்டி வேறொரு பொட்டலத்தை வைத்துக் கட்டினார். உப்பிட்டு, சுருள் சுருளாக நறுக்கி, வெயிலில் காய்ந்து கறுத்த நார்த்தங்காய்.

"இதுக்குக் கரண்டு வேணாம்ல பாட்டி?" என்று சிரித்தான் பேரன்.

"வேணாம்டா. ஆனா மூடியை ஒழுங்கா மூடி வையி" என்றார் பாட்டி.

பஸ் போன பிறகு மருமகள் மெல்லக் கேட்டார்: "அத்தை, அடுத்த தடவை நார்த்தங்காய் போடும்போது எனக்கும் காட்டித் தாங்க."

"காட்டுறேன். நீ அந்தக் காரட்டு போடுறப்ப என்னையும் கூப்புடு" என்றார் மாமியார்.

தீர்ப்புச் சொல்லப் போன நான் முழுசாகத் திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம்.